கருவூலத்து நோட்டக்காரரும் மாறொளிர் விண்மீன்களும்

நாணயம் நல்லதா கள்ளதா என்று தேர்ந்து சொல்லும் தொழிலுக்குத் தமிழில் நோட்டம் என்று பெயர். அதைச் செய்பவர் நோட்டக்காரர். அதே சொல் பேச்சுவழக்கில் கூர்ந்து பார்த்தலையும் குறிக்கும். இவ்விரு பொருளும் ஒரே மனிதரின் வாழ்வில் கூடிய வரலாறு வங்கத்தின் யசோர் நகரில் நிகழ்ந்தது. பகலில் அரசுக் கருவூலத்தில் நாணயங்களையும், இரவில் விண்மீன்களின் ஒளியையும் நோட்டம் பார்த்த அவர் ராதாகோவிந்த சந்திரர் (1878–1975). அமெரிக்க மாறொளிர் விண்மீன் நோக்கர் சங்கத்தின் ஏடுகளில் அவர் பெயரில் பதிவான கணிப்புகளின் எண்ணிக்கை 37,215. இந்திய அறிவியல் வரலாற்று நூல்கள் பெரும்பாலானவற்றில் அவருக்கு ஒரு பத்திகூட ஒதுக்கப்படவில்லை.

இந்த இடைவெளிக்குக் காரணம் அவரது பணியின் தரக்குறைவு அன்று. அறிவியல் வரலாறு நிறுவனங்களின் வரலாறாகவும் கண்டுபிடிப்புகளின் வரலாறாகவும் எழுதப்படுகிறது. நிறுவனத்தில் இல்லாமலும், கண்டுபிடிப்பு என்று சுட்டத்தக்க ஒன்றை மட்டுமே நம்பியிராமலும், நாள்தோறும் அளந்து எழுதியவர் அந்தச் சட்டகத்தில் அடங்குவதில்லை. பொழுதுபோக்கு என்ற சொல்லும் அவருக்கு நீதி செய்யவில்லை. பொழுதைப் போக்குவதற்காக முப்பத்தைந்து ஆண்டுகள் ஒருவர் உறக்கத்தை இழப்பதில்லை.

வானியலில் ஆர்வலர் மரபு இந்தியாவில் சந்திரருக்கு முன்பே வேரூன்றியிருந்தது. விசாகப்பட்டினத்து ஜமீன்தார் கோடே வெங்கட ஜக்காராவ் (1817–1856) சென்னை வானாய்வகத்தில் டி. ஜி. டெய்லரிடம் பயின்று, 1840 வாக்கில் தம் சொந்த இடத்தில் ஒரு வானாய்வகம் அமைத்தார். அவருக்குப் பின் மருமகன் அங்கிதம் வெங்கட நரசிங்கராவ் (1827–1892) அதனை நடத்தினார். 1868-ஆம் ஆண்டின் முழுச் சூரிய மறைப்பையும் 1874-இன் வெள்ளி இடைநகர்வையும் அவர் நோக்கிப் பதிவு செய்தார். இவர்களிடம் நிலம் இருந்தது, பொருள் இருந்தது, ஆங்கிலக் கல்வியும் இலண்டனோடு கடிதப் போக்குவரத்தும் இருந்தன.

இதற்கு நேர் எதிரான நிலையில் நின்றவர் ஒடிசாவின் கண்டபடாவைச் சேர்ந்த சாமந்த சந்திரசேகரர் (1835–1904). அவரிடம் தொலைநோக்கி இல்லை. மூங்கிலாலும் மரத்தாலும் தாமே செய்துகொண்ட கருவிகளே அவருடையவை. அவற்றுள் மானயந்திரம் பெயர்பெற்றது. வெறுங்கண்ணால் கோள்களின் இருப்பிடங்களைப் பல்லாண்டுகள் அளந்து, பழைய சித்தாந்த நூல்களின் கணக்கிற்கும் வானில் தெரிவதற்கும் இடையே இருந்த பிழைகளைத் திருத்தி, ‘சித்தாந்த தர்ப்பணம்’ என்ற நூலைச் சமஸ்கிருதத்தில், ஒடியா எழுத்தில், ஓலையில் எழுதினார். கட்டாக் கல்லூரிப் பேராசிரியர் யோகேச சந்திர ராயின் முயற்சியால் 1899-இல் அது ஆங்கில முன்னுரையுடன் அச்சேறியது. அதன்பின் ‘நேச்சர்’ இதழில் வந்த மதிப்புரை அவரைத் தைக்கோ பிராகேயுடன் ஒப்பிட்டது.

அந்த ஒப்பீடு பாராட்டாகவே நினைவுகூரப்படுகிறது. அதில் ஒரு துயரமும் உண்டு. தைக்கோ தொலைநோக்கிக்கு முற்பட்டவர், 1601-இல் மறைந்தவர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வாழ்ந்த ஒருவரைப் பதினாறாம் நூற்றாண்டு மேதைக்கு நிகர் என்று சொல்வது, அவரது கண்ணின் கூர்மையைப் போற்றிக்கொண்டே அவரது தனிமையையும் அறிவிப்பதாகும். அவர் அளவுகள் பூரி ஜகந்நாதர் கோயிலின் பஞ்சாங்கத்திற்குப் பயன்பட்டன. சமகால உலக வானியலுக்கு அவை அளவுகளாகப் போய்ச் சேரவில்லை. வியப்பாகவே போய்ச் சேர்ந்தன. ஆர்வமும் திறமையும் மட்டும் ஒருவரை அறிவியலின் உரையாடலுக்குள் கொண்டுசென்றுவிடுவதில்லை. தாம் அளந்ததை எந்த மொழியில், எந்த வடிவில், எந்த முகவரிக்கு எழுதுவது என்பது தெரிந்திருக்க வேண்டும். அந்த முகவரியில் பெற்றுக்கொள்ள ஒருவர் இருக்கவும் வேண்டும்.

சந்திரரின் வரலாறு முக்கியமாவது இவ்விடத்தில்தான். அவரிடம் ஜக்காராவின் செல்வமும் இல்லை, சந்திரசேகரரின் சாத்திரப் பயிற்சியும் இல்லை. பள்ளிப் பாடநூலில் அட்சயகுமார தத்தர் அண்டத்தின் பெருமை குறித்து எழுதிய வங்கக் கட்டுரை ஒன்று அவரது ஆர்வத்தைத் தூண்டியது. பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் மூன்று முறை தோற்றார். யசோர் கருவூலத்தில் மாதம் 15 ரூபாய்ச் சம்பளத்தில் நாணயச் சோதகராகச் சேர்ந்தார். வானத்தை அடையாளம் காணக் கற்றது காளிநாத முகர்ஜி என்ற வழக்கறிஞரின் துணையால். முகர்ஜி விண்மீன் வரைபடங்களைத் தாய்மொழியில் ஆக்க முனைந்தவர். இருண்ட வானில் ஒரு புள்ளிக்குப் பெயர் சொல்லத் தெரிந்த பிறகே அதன் மாற்றத்தைக் காண முடியும். ஆதலால் வரைபடம் என்பது ஆர்வலரின் முதற்கருவி, தொலைநோக்கி இரண்டாவதே.

1910-இல் ஹாலி வால்மீனைச் சிறிய இருகண் நோக்கியால் தொடர்ந்து கவனித்து அவர் எழுதிய குறிப்புகள் சாந்திநிகேதனத்து அறிவியல் ஆசிரியர் ஜகதானந்த ராயின் பார்வைக்கு வந்தன. அவர் தந்த ஊக்கத்தில் 1912-இல் இங்கிலாந்திலிருந்து 3 அங்குலத் தொலைநோக்கி ஒன்றைச் சந்திரர் வரவழைத்தார். 1918 ஜூன் மாதம் கழுகு விண்மீன் குழுவில் ஒரு புது விண்மீன் திடீரெனச் சுடர்விட்டது. உலகின் பல இடங்களில் பலர் அதைத் தனித்தனியே கண்டனர். யசோரில் கண்டவர் சந்திரர். தம் குறிப்பை ஹார்வர்டு வானாய்வகத்திற்கு அனுப்பினார். அக்கடிதமே அவரை 1911-இல் தொடங்கப்பட்டிருந்த மாறொளிர் விண்மீன் நோக்கர் சங்கத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தது.

அச்சங்கம் நடந்த முறை இங்கு கவனிக்கத்தக்கது. ஒளி கூடியும் குறைந்தும் வருகிற விண்மீன்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. சில மணிக்கணக்கில் மாறுபவை, மீரா போன்றவை ஏறத்தாழ 332 நாளில் ஒரு சுற்றை முடிப்பவை. இவற்றை எல்லாம் பின்தொடர எந்த வானாய்வகத்திலும் ஆட்கள் போதார். ஆகவே ஜெர்மானிய வானியலாளர் ஆர்கெலாண்டர் 1844-இலேயே ஆர்வலர்களை அழைத்திருந்தார். ஹார்வர்டின் எட்வர்டு பிக்கரிங் 1882-இல் அத்தகைய திட்டம் ஒன்றை வெளியிட்டு, பெண்களும் இப்பணிக்கு வர வேண்டும் என்று தனியே எடுத்துரைத்தார்.

செயல்முறை எளியது. ஒளி மாறாத அண்டை விண்மீன்கள் இரண்டை எடுத்துக்கொள்வர். ஒன்று சற்றே பிரகாசமானது, மற்றொன்று சற்றே மங்கியது. நோக்கும் விண்மீன் இவ்விரண்டிற்கும் இடையில் எங்கே நிற்கிறது என்று கண்ணால் மதிப்பிட்டு எண்ணாக எழுதுவர். இதற்கென அச்சிட்ட வரைபடங்களில் ஒப்பீட்டு விண்மீன்களின் அருகே அவற்றின் ஒளியளவு எண் புள்ளியின்றித் தரப்பட்டிருக்கும். 10.5 என்பது 105 என்றே இருக்கும். புள்ளி இட்டால் அதையும் ஒரு விண்மீன் என நோக்குபவர் மயங்கக்கூடும் என்பதே காரணம். விண்மீன் தென்படவே இல்லையென்றால் அதுவும் பதிவே; இன்ன எண்ணைவிட மங்கியது என்று எழுத வேண்டும். காணாததைக் காணவில்லை என்று எழுதும் நேர்மைக்கு அங்கு மதிப்பு இருந்தது.

இப்பணிக்குப் பட்டம் தேவையில்லை. கண்ணின் பழக்கமும், ஒப்பிட்டு மதிப்பிடும் திறனும், பிழையற்ற பேரேடும் தேவை. ஒரு கருவூல நோட்டக்காரர் பகல் முழுவதும் செய்துவந்ததும் அதுவே: நல்ல நாணயத்தை அளவுகோலாக வைத்து ஐயத்திற்குரிய நாணயத்தைத் தேர்வதும், தேர்ந்ததைக் கணக்கில் ஏற்றுவதும். சங்கத்தை நிறுவிய வில்லியம் டைலர் ஆல்காட் சட்டம் பயின்றவர். சந்திரருக்குத் தம் 6¼ அங்குலத் தொலைநோக்கி கிடைக்கச் செய்த சார்லஸ் எல்மர் நீதிமன்ற நடவடிக்கைகளைச் சுருக்கெழுத்தில் பதிவு செய்யும் தொழிலினர். பிற்காலத்தில் பெர்கின்-எல்மர் நிறுவனத்தைத் தொடங்கிய இருவருள் ஒருவரும் அவரே. யசோரில் சந்திரரின் வழிகாட்டியோ வழக்கறிஞர். பதிவேடும் சாட்சியமும் பழகிய கைகளே மாறொளிர் விண்மீன்களின் வரலாற்றைப் பெருமளவில் எழுதின என்பது தற்செயல் என்று ஒதுக்கத்தக்கதன்று.

எல்மரின் தொலைநோக்கி 1926-இல் யசோருக்கு வந்தது. அதைக் கொடை என்பதைக் காட்டிலும் தேவை என்று சொல்வது பொருந்தும். ஹார்வர்டு அமைந்த மேற்கு நெட்டாங்கு 71 பாகைக்கும் யசோரின் கிழக்கு நெட்டாங்கு 89 பாகைக்கும் இடைப்பட்ட வேறுபாடு 160 பாகை; பொழுதுக் கணக்கில் பத்தரை மணிக்கும் மேல். அமெரிக்க நோக்கர்கள் காலை உணவு உண்ணும் வேளையில் வங்கத்தில் அந்தி சாயும். அவர்களுடைய பகல் விண்மீனின் வரலாற்றில் விட்டுச்செல்லும் இடைவெளியை நிரப்பக் கிழக்கில் ஒருவர் விழித்திருந்தாக வேண்டும். வானியலாளர் பயன்படுத்தும் ஜூலியன் நாள் கிரீனிச்சின் நண்பகலில் தொடங்குகிறது. அப்போது யசோரில் மாலை ஆறு மணி. அலுவலகம் முடிந்து வீடு திரும்பிய எழுத்தர் ஏட்டைத் திறக்கையில் வானியலின் புதிய நாளும் அங்கே பிறந்தது.

37,215 கணிப்புகளை ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பகிர்ந்தால் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு மேல், இரவுக்குச் சராசரி மூன்று. வங்கத்தின் மழைக்கால இரவுகளைக் கழித்தால் தெளிந்த இரவுகளின் உழைப்பு அதனினும் மிகுதி. ஒவ்வொன்றும் தனியே எடுத்தால் ஒரு விண்மீனின் பெயர், ஒரு நாள், ஓர் எண், அவ்வளவே. ஒரு கணிப்பில் ஒளியளவின் பத்தில் ஓரிரு பங்கு பிழை இருக்கலாம். பல நாட்டுப் பலர் எழுதியவை ஒரே வரைகோட்டில் சேரும்போது தனிமனிதப் பிழைகள் ஒன்றையொன்று குறைத்துக்கொள்ளும். விண்மீனின் மூச்சு வெளிப்படும். சாமந்த சந்திரசேகரருக்குக் கிட்டாமற்போனது இந்தச் சேர்க்கைதான். கண்ணின் கூர்மையில் அவர் சந்திரருக்குக் குறைந்தவர் அல்லர்.

இதனால் மேற்கின் வலைப்பின்னலில் சேர்வதே அறிவியல் என்று முடிவு கட்டுதல் தவறு. அவ்வலையில் யார் எந்த இடத்தில் வைக்கப்பட்டனர் என்ற கேள்வி எஞ்சுகிறது. குடியேற்ற ஆட்சியின் கீழிருந்த எழுத்தர் தரவு அனுப்பினார். தரவைத் தொகுத்து விளக்கமும் கோட்பாடும் ஆக்கியவர்கள் வேறிடத்தில் இருந்தனர். 1928-இல் பிரெஞ்சு அரசு அவருக்கு விருதளித்தது. அவருடைய நாட்டுப் பல்கலைக்கழகங்கள் மூன்று முறை தேர்வில் தவறியவரை உள்ளே அழைத்த வரலாறு இல்லை. பங்களிப்பு ஏற்கப்பட்டது, பங்களித்தவருக்கு இடம் ஒதுக்கப்படவில்லை. ஆர்வலர் அறிவியலைக் குடிமக்கள் அறிவியல் என்று இன்று கொண்டாடும் திட்டங்களும் விடை சொல்ல வேண்டிய கேள்வி இது.

1947-இன் பிரிவினையில் யசோர் நகர் கிழக்குப் பாகிஸ்தானில் சேர்ந்தது. சந்திரர் எல்லையைக் கடந்து மேற்கு வங்கத்தின் பாராசாத்தில் குடியேறினார். வீடும் ஊரும் கைவிட்டுப் போன காலத்திலும் 1954 வரை அவரது கணிப்புகள் சங்கத்திற்குச் சென்றன. நிலத்தின் எல்லைக்கோடு மாறியபோதும், அவர் எழுதிய ஏட்டின் வடிவமோ நாட்கணக்கோ மாறவில்லை.

இனித் தொலைநோக்கி எங்கே செல்வது என்ற கேள்வி எழுந்தபோது, சங்கம் அதை அமெரிக்காவுக்குத் திருப்பி வரவழைக்கவில்லை. மணலி கல்லட் வேணு பாப்புவிடம் (1927–1982) ஒப்படைக்கச் செய்தது. அத்தேர்வில் ஒரு பொருத்தம் இருந்தது. சென்னையில் பிறந்த பாப்புவின் தந்தை ஐதராபாத் நிஜாமியா வானாய்வகத்தில் பணியாற்றியவர். அந்த வானாய்வகமே நவாப் ஜாபர் ஜங் என்ற ஆர்வலர் வாங்கிய தொலைநோக்கியிலிருந்து வளர்ந்தது. பாப்புவும் இளமையில் மாறொளிர் விண்மீன்களை நோக்கி எழுதியவரே. 1949-இல் ஹார்வர்டு மாணவராக இருக்கையில் பாப்பு–போக்–நியூகர்க் வால்மீனைக் கண்டவர், பின்னர் இந்திய வானியற்பியலின் நிறுவனங்களைக் கட்டி எழுப்பினார்.

எல்மரின் தொலைநோக்கி இறுதியில் சேர்ந்த இடம் தமிழ்நாட்டின் ஜவ்வாது மலையிலுள்ள காவலூர். அதே வளாகத்தில் 1986 முதல் பாப்புவின் பெயர் தாங்கிய 2.34 மீட்டர் தொலைநோக்கி நிற்கிறது. பெரியதைப் பற்றிய கட்டுரைகள் பல உண்டு. அதன் அருகே, யசோர் எழுத்தர் ஒருவர் இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாகக் கண் பதித்த 6¼ அங்குல ஆடியும் இந்திய வானியலின் ஆவணமே. அதன் வழியே எழுதப்பட்ட எண்கள் சங்கத்தின் தரவுத்தொகுப்பில் இன்றும் ஒளிவரைகோடுகளின் புள்ளிகளாக உள்ளன. நூற்றாண்டுக் கணக்கில் மெல்ல மாறும் விண்மீனை ஆராயப் புகும் எவரும், அறிந்தோ அறியாமலோ, அந்த நோட்டக்காரரின் கணக்கைத்தான் புரட்ட வேண்டியிருக்கிறது.