வி. மோகனும் ஒற்றை மரபணு நீரிழிவு ஆய்வும்

மோகன், வி. (பிறப்பு 1954): சென்னையைச் சேர்ந்த நீரிழிவு மருத்துவர், ஆய்வாளர். இந்திய நீரிழிவு மருத்துவத்தின் முன்னோடி எம். விசுவநாதனின் மகன். சென்னை மருத்துவக் கல்லூரியில் படிக்கும்போதே தந்தையுடன் சேர்ந்து ஆய்வைத் தொடங்கினார். 1991இல் மனைவி, கண் மருத்துவர் ரெமாவுடன் தனி நீரிழிவு மையம் கண்டார். அவர் தலைமையிலான மெட்ராஸ் நீரிழிவு ஆய்வு அறக்கட்டளையின் ஆய்வகம் தாம்பரத்துக்குத் தென்கிழக்கே சிறுசேரி சிப்காட்டில், மகளிர் பயோடெக் பூங்காவில் உள்ளது. 2012இல் பத்மஸ்ரீ பெற்றார். இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டோருக்கு நீரிழிவு உண்டு என்று 2023இல் கணக்கிட்ட ஆய்வு போன்ற பெரும் கணக்கெடுப்புகளால்தான் அவர் பெயர் பரவியது. ஆனால் அவரும், அறக்கட்டளையில் மூலக்கூறு மரபியல் துறையை நடத்தும் ராதா வெங்கடேசனும் சிலநூறு குடும்பங்களில் ஒரே ஒரு மரபணுவின் பிழையைத் தேடிய வேலைக்கு அதைவிடக் குறைந்த மதிப்புத் தருவது சரியல்ல. எத்தனை பேர் என்பதைக் கணக்கெடுப்பு சொல்லும். எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு எந்த மருந்து என்பதைச் சொல்ல மரபணுவைப் படித்தாக வேண்டும்.

இந்தத் தேடலில் முதலில் கிடைத்த முடிவைப் பின்னால் திருத்த வேண்டியிருந்தது. இளவயதிலேயே தொடங்கி, இன்சுலின் இல்லாமல் சமாளிக்க முடிந்து, தலைமுறை தலைமுறையாக வரும் நீரிழிவு (எம்.ஓ.டி.ஒய்.) இந்தியர்களிடம் அதிகம் என்று 1985இல் மோகனும் விசுவநாதனும் சக ஆய்வாளர்களும் எழுதினர். அப்போது மரபணு எதுவும் தெரியாது. வயதும் குடும்ப வரலாறுமே அடையாளம். குடும்ப வரைபடத்தில் ஆண் சதுரம், பெண் வட்டம், நோயுள்ளவரைக் கறுப்பாக்குவார்கள். மூன்று தலைமுறையிலும் கறுப்பு இறங்கி வந்தால் ஒற்றை மரபணு என்று ஊகிப்பதில் தவறில்லை. சிக்கல் வேறிடத்தில் இருந்தது. நம் ஊரில் சாதாரண இரண்டாம் வகை நீரிழிவும் முப்பதுக்கு முன்பே வருகிறது, பாட்டி, அப்பா, பிள்ளை என்று எல்லோரையும் பிடிக்கிறது. 1996இல் எச்.என்.எஃப்.1ஏ என்ற மரபணுவின் பிழை எம்.ஓ.டி.ஒய்.க்குக் காரணம் என்று கண்டுபிடிக்கப்பட்டது. ஐரோப்பாவில் பல இடங்களில் இந்த வகையினரில் பெரும்பங்கினருக்கு அதில்தான் பிழை. ராதாவும் மோகனும் டென்மார்க் ஆய்வாளர்களும் 2009இல் வெளியிட்ட தென்னிந்திய ஆய்விலோ, அந்தப் பிழை இருந்தவர்கள் பத்தில் ஒருவர் அளவே. பழைய அடையாளம் இங்கே போதாது என்பதை அதே குழுவின் சோதனைக்குழாயே காட்டிவிட்டது. இதை நான் தோல்வியாகக் கருதவில்லை; இந்த ஆய்வு வாழ்க்கையின் மிக நேர்மையான பகுதி இதுதான்.

அரிதான நோய்க்கு இவ்வளவு செலவும் உழைப்பும் ஏன் என்று கேட்பவர்கள் உண்டு. மேலை நாட்டு மதிப்பீட்டின்படி நீரிழிவு உள்ளவர்களில் நூற்றுக்கு ஒருவர் என்றே வைத்துக்கொண்டாலும், 10 கோடியில் அது 10 லட்சம் பேர். எண்ணிக்கையைவிட வலுவான பதில் பச்சிளம் வயதிலேயே நீரிழிவு வந்த குழந்தைகளிடம் இருக்கிறது. கணையத்தின் பீட்டா செல்லில் பொட்டாசியம் போகும் வழி ஒன்று உண்டு. சர்க்கரை ஏறும்போது அது கதவைப் போல மூடிக்கொண்டால்தான் இன்சுலின் வெளியேறும். கே.சி.என்.ஜே.11 மரபணுவில் பிழை இருந்தால் அது மூடுவதே இல்லை. அத்தகைய குழந்தைகளில் பெரும்பாலோருக்கு ஊசியை நிறுத்திவிட்டு கிளிபென்கிளமைடு மாத்திரை தரலாம் என்று 2006இல் பிரிட்டனின் எக்ஸ்டர் குழு காட்டியது. மிக மலிவான, பழைய மாத்திரை அது; மூடாத வழியை நேராகப் போய் மூடுகிறது. இந்தியக் குழந்தைகளிடம் இந்தப் பிழையைத் தேடி, பொருத்தமானவர்களை ஊசியிலிருந்து மாத்திரைக்கு மாற்றும் வேலையை மோகன், ராதா குழுவும் செய்தது. பிறந்த சில வாரங்களிலேயே தினமும் பலமுறை ஊசி குத்தப்படும் குழந்தைக்கு, ஆயுள் முழுவதற்குமான அந்தத் தண்டனை நீங்குகிறது. குளூகோகைனேஸ் மரபணுவில் பிழை உள்ளவர்களின் நிலை இன்னும் எளிது: சர்க்கரை கொஞ்சம் கூடியே இருக்கும், பெரும்பாலும் மருந்தே வேண்டாம்.

சோதனைக்குச் செலவாகும் என்பது நியாயமான ஆட்சேபம். எல்லோருக்கும் அதைச் செய்யச் சொல்வதும் சரியல்ல. உடல் தானே சுரக்கும் இன்சுலினைக் காட்டும் சி-பெப்டைடு அளவையும், முதல் வகை நீரிழிவைக் காட்டும் எதிர்ப்புரதங்களையும் முதலில் பார்த்தால் தேவையில்லாதவர்களைக் கழித்துவிடலாம். ஆனால் ஐரோப்பிய மரபணுப் பட்டியலை அப்படியே வாங்கி வைத்துக்கொண்டு தேடினால் நம் குடும்பங்களில் பலவற்றுக்கு விடை கிடைக்காது. அதனால்தான் 2018இல் மெட்ஜீனோம், ஜெனன்டெக் நிறுவனங்களோடு சேர்ந்து 152 தென்னிந்திய நோயாளிகளிடம் பல மரபணுக்களை ஒரே வீச்சில் படித்தார்கள். என்.கே.எக்ஸ்.6-1 என்ற மரபணுவும் காரணமாகலாம் என்று அந்த ஆய்வு முன்வைத்தது. அதை உறுதிசெய்ய மேலும் பல குடும்பங்களில் அதே மரபணுவில் பிழை தென்பட வேண்டும்.