கட்டுகஸ்தோட்டைப் பாலமும் கோப்பி ரயிலின் கணக்கும்

கண்டியிலிருந்து மாத்தளைக்குச் செல்லும் ரயில் பாதை கட்டுகஸ்தோட்டையில் மகாவலியைக் கடக்கிறது. 1880 ஒக்டோபர் 4ஆம் திகதி திறக்கப்பட்ட பாதை அது. ஆற்றின் மேல் நிற்கும் அந்த ரயில் பாலத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள் இன்று கனடாவிலும் இங்கிலாந்திலும் அவுஸ்திரேலியாவிலும் பரந்து வாழ்கிறார்கள். பாலத்தை எந்தத் துரை கட்டினார் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். யாருடைய பணத்தில், எந்தக் கணக்கில், எவ்விதமான ஒப்பந்தத்தில் அந்தப் பாதை அங்கு வந்து சேர்ந்தது என்று கேட்டவரை நான் அறியேன். அந்தக் கேள்விக்குப் பதில் தேட, மாத்தளைப் பாதை போடுவதற்கு இருபது ஆண்டுகளுக்கு முந்திய ஒரு விவகாரத்துக்குப் போக வேண்டும். கேள்விப்பத்திரம், மதிப்பீடு, மேலதிகச் செலவு என்று இன்று நாம் பத்திரிகைகளில் படிக்கும் எல்லாமே அதில் இருக்கின்றன.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கண்டியைச் சூழ்ந்த மலைகள் எல்லாம் கோப்பித் தோட்டங்களாகிவிட்டன. கோப்பி மூட்டைகள் மாட்டு வண்டிகளில் கடுகண்ணாவைக் கணவாய் வழியே கொழும்புக்கு இறங்கின. மழைக்காலத்தில் பாதை சேறாகும். மாடுகள் நோயில் விழும். வண்டிக் கூலி ஏறும். ரயில் வேண்டும் என்று தோட்டத் துரைமார் ஓயாமல் கேட்டனர். 1845இல் இலங்கை ரயில்வே கம்பனி தோன்றிவிட்டது என்றாலும், பத்து ஆண்டுகளுக்கு மேல் அது காகிதத்திலேயே கிடந்தது.

கண்டிக்குப் பாதை போட முடியுமா என்று ஆராய்வதற்காக இங்கிலாந்திலிருந்து கப்டன் மூர்சம் என்பவர் அனுப்பப்பட்டார். 1857 மே மாதத்தில் அவருடைய அறிக்கை வெளிவந்தது. ஆறு வழிகளை ஆராய்ந்து மூன்றாம் வழியைச் சிபாரிசு செய்தார். செலவு 8,56,557 பவுண் என்றார். கடைசி ஏழு பவுணைக் கவனியுங்கள். மலையும் காடும் காய்ச்சலும் நிறைந்த, முன் அனுபவமே இல்லாத ஒரு நாட்டில், கடைசிப் பவுண் வரை துல்லியமாக ஒரு தொகை! மதிப்பீடு எவ்வளவு துல்லியமாக எழுதப்பட்டிருக்கிறதோ அவ்வளவுக்கு அதைச் சந்தேகிக்க வேண்டும் என்பது செய்தித் தொழிலில் நான் கற்றுக்கொண்ட பாடங்களுள் ஒன்று. இதே மூர்சம்தான் இங்கிலாந்தில் பேர்மிங்ஹாம் - குளொஸ்ரர் பாதையை லிக்கி மலை மீது செங்குத்தாக ஏற்றியவர். அங்கே மேலும் எஞ்சின்களைப் பின்னால் மாட்டித் தள்ளித்தான் வண்டிகளை ஏற்ற வேண்டியிருந்தது.

1858 ஓகஸ்ட் 3ஆம் திகதி தேசாதிபதி சேர் ஹென்றி வோர்ட் முதல் மண்ணை வெட்டி வேலையைத் தொடக்கிவைத்தார். கிரைமியப் போரில் பிரித்தானியப் படையின் வேலைப் பிரிவை மேற்பார்த்த டொய்ன் என்ற பொறியியலாளர் கம்பனியின் சார்பில் பொறுப்பேற்றிருந்தார். அவர் நிலத்தை அளந்து கணக்குப் பார்த்தபோது தொகை இருபது இலட்சம் பவுணைத் தாண்டியது. மூர்சம் சொன்னதைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல்.

இங்கேதான் ஒப்பந்தத்தின் சூட்சுமம் வருகிறது. கம்பனி போடும் முதலுக்குக் குறித்த வீத வட்டியை அரசாங்கம் உத்தரவாதம் செய்திருந்தது. ரயில் இலாபத்தில் ஓடினாலும் நட்டத்தில் ஓடினாலும் பங்குதாரருக்கு வட்டி வந்து சேரும். இந்த ஏற்பாடு இந்தியாவிலிருந்து வந்தது. 1849இல் கிழக்கிந்திய ரயில்வே, பெரிய இந்தியத் தீபகற்ப ரயில்வே ஆகிய கம்பனிகளுக்கு 5 வீத வட்டி உத்தரவாதம் கொடுக்கப்பட்டது. செலவு கூடினால் முதல் கூடும்; முதல் கூடினால் உத்தரவாத வட்டியும் கூடும். சிக்கனமாகக் கட்டுவதற்கு யாருக்கும் காரணம் இருக்கவில்லை. மைல் ஒன்றுக்கு மதிப்பிட்டதைப் போல் இரு மடங்குக்கும் மேல் செலவானது. இந்திய அரசின் நிதி உறுப்பினராக இருந்த வில்லியம் மாசி பிற்காலத்தில் நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சியம் சொன்னார்: முதலிட்டவனுக்குத் தன் பணம் ஹூக்ளி ஆற்றில் கொட்டப்பட்டால் என்ன, செங்கல்லாகவும் சாந்தாகவும் மாறினால் என்ன என்பதே அவர் சொன்னதன் சாரம். இதைப் பொருளியல் வரலாற்றாசிரியர் டானியல் தோர்னர், அரச ஆபத்தில் நடந்த தனியார் முயற்சி என்று வர்ணித்தார்.

அரச ஆபத்து என்றால் யாருடைய ஆபத்து? ரயிலுக்கென்று கோப்பி ஏற்றுமதி மீது தீர்வை போடப்பட்டது உண்மை. துரைமார் அதை அடிக்கடி நினைவூட்டிக்கொண்டே இருந்தார்கள். ஆனால் கோப்பித் தீர்வை போதாமல் போனால் உத்தரவாதம் விழுவது பொது வருமானத்தின் தலையில். அந்தப் பொது வருமானத்தில் இந்தியாவிலிருந்து இறக்குமதியான அரிசி மீதான தீர்வை இருந்தது. சிங்களக் கமக்காரனின் நெல் மீதான வரியும் இருந்தது. இறக்குமதி அரிசியைச் சாப்பிட்டவன் யார்? மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளை, மாத்தளை வழியாகக் காட்டுப் பாதையில் நடந்துவந்து, வழியிலே செத்தவர் போக எஞ்சித் தோட்டம் சேர்ந்த தமிழ்த் தொழிலாளி. அவன் ஒவ்வொரு பிடி சோற்றிலும் ரயிலுக்கு வரி கட்டினான். நெல் வரி 1892இல்தான் ஒழிக்கப்பட்டது. டொய்னின் இருபது இலட்சத்தை ஒப்புக்கொண்டிருந்தால் வட்டியை யார் சுமந்திருப்பார்கள் என்பதை ஊகிக்கப் பெரிய பொருளியல் அறிவு தேவையில்லை.

குடியேற்ற நாட்டு அரசாங்கம் அபூர்வமாகச் செய்யும் ஒரு காரியத்தை 1861இல் செய்தது. கம்பனியுடனான ஒப்பந்தத்தை முறித்தது. அதுவரை ஆன செலவை ஏற்றுக்கொண்டு வேலையைத் தன் கைக்கு எடுத்தது. நட்டத்தை ஒப்புக்கொண்டு நிறுத்துவது எந்த அரசுக்கும் கசப்பான காரியம். தொடங்கிவிட்டோமே என்று தொடர்ந்து கொட்டுவதுதான் வழக்கம். இலங்கையின் பொதுக் கணக்கு வரலாற்றில் இந்த 1861க்கு உரிய இடத்தை எவரும் கொடுக்கவில்லை என்பது என் அபிப்பிராயம்.

அதன் பின் லண்டனில் இருந்த முடிக்குரிய முகவர்கள் போட்டிக் கேள்விப்பத்திரங்களைக் கோரினர். வில்லியம் பிரடெரிக் பேவியலின் கேள்வி 1862 இறுதியில் ஏற்கப்பட்டது. 1863 பெப்ரவரியில் அவர் இலங்கை வந்தார். அரசாங்கத்தின் பக்கத்தில் மேற்பார்வைக்கு கில்போர்ட் மோல்ஸ்வர்த் நியமிக்கப்பட்டார். பொறியியல் சூத்திரங்களைத் தொகுத்து இவர் எழுதிய சட்டைப்பைக் கையேடு பல தலைமுறைப் பொறியியலாளர்களிடம் புழங்கியது. கட்டுபவர் ஒருவர், அளந்து பார்ப்பவர் வேறொருவர், பணம் கொடுப்பவர் மூன்றாமவர் என்ற பிரிவு இப்போதுதான் வந்தது. 1864 டிசெம்பர் 27இல் அம்பேபுஸ்ஸ வரை முதல் ரயில் ஓடியது. 1867இல் கண்டியை எட்டியது. மலையைக் குடைந்தவர்களில் பெரும் பகுதியினர் தென்னிந்தியாவிலிருந்து வந்த கூலிகள். காய்ச்சலுக்கும் வாந்திபேதிக்கும் பலியானவர்களின் கணக்கு எந்த விலைப்பட்டியலிலும் இல்லை.

ஒப்பந்த முறைகளின் வித்தியாசம் பலருக்குச் சிக்கலாகத் தோன்றலாம். வீடு கட்டியவர்களுக்கு இது தெரிந்த சங்கதிதான். மேசன் பாஸிடம் நாட்கூலிக்கு வேலை கொடுத்தால் சுவர் மெதுவாக எழும். முழு வேலையையும் கொந்தராத்துக்குக் கொடுத்தால் சுவர் விரைவாக எழும், சீமெந்து குறையும். செலவான தொகைக்கு மேல் நூற்றுக்குப் பத்து உனக்கு என்று சொன்னால் என்ன நடக்கும்? சீமெந்தும் குறையாது, சுவரும் முடியாது, பாஸ் உங்களுக்கு ஆயுள் நண்பராகிவிடுவார்!

மேற்கு நாடுகள் இந்தக் கடைசி முறையின் விலையை முதல் உலகப் போரில் கற்றன. செலவோடு வீதம் சேர்த்துக் கொடுக்கும் முறையை அமெரிக்கா 1941இல் போர்க்கால ஒப்பந்தங்களில் சட்டத்தால் தடுத்தது. நிலையான விலை பேசுவதும் பரிகாரமாகவில்லை. பிரித்தானியாவில் பெரான்டி நிறுவனம் பிளட்ஹவுண்ட் ஏவுகணை ஒப்பந்தத்தில் 57 இலட்சம் பவுணுக்கு மேல் இலாபம் பார்த்தது 1964இல் வெளிச்சத்துக்கு வந்தது. விலை பேசிய அதிகாரிகளின் கையில் இருந்த செலவு மதிப்பீடு, கம்பனியின் உண்மைச் செலவிலிருந்து வெகுதூரம் விலகியிருந்தது. கம்பனி 42½ இலட்சம் பவுணைத் திருப்பிக் கொடுத்தது. அமெரிக்காவிலோ, ஒவ்வொரு கொந்தராத்துக்காரரும் தன் விருப்பப்படி கணக்கு வைத்தால் எந்தச் செலவு யாருடையது என்று அரசாங்கத்தால் அறிய முடியாது என்று கடற்படை அதிபதி ரிக்கோவர் 1968இல் காங்கிரசின் முன் வாதாடினார். 1970இல் செலவுக் கணக்கியல் தரச் சபை உருவானது. ஒரே செலவை ஓர் ஒப்பந்தத்தில் நேரடிச் செலவாகவும் இன்னொன்றில் பொதுச் செலவாகவும் எழுதாதே என்பது அதன் அடிப்படை விதிகளுள் ஒன்று.

மீண்டும் கட்டுகஸ்தோட்டைக்கு வருவோம். மாத்தளைப் பாதை 1880இல் திறக்கப்பட்டபோது அது எதற்காகப் போடப்பட்டதோ அந்தப் பயிர் செத்துக்கொண்டிருந்தது. கோப்பி இலையில் 1869இல் கண்ட பூஞ்சண நோய் தோட்டம் தோட்டமாகத் தின்றது. 1884இல் ஓரியன்டல் வங்கி முறிந்தது. கோப்பிக்காகப் போட்ட தண்டவாளம் தேயிலைக்கும் கொக்கோவுக்கும் பிழைத்துக்கொண்டது. இதை எந்த மதிப்பீட்டாளனாலும் முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியாது.

கட்டுகஸ்தோட்டையைத் தாண்டி மகாவலியோடு கீழே இறங்கினால் முதலில் பொல்கொல்லை அணை. அதற்கும் கீழே விக்டோரியா. முப்பது ஆண்டுத் திட்டத்தை ஆறு ஆண்டுகளில் முடிப்பதாக 1977இல் பதவிக்கு வந்த அரசு அறிவித்தபோது, விக்டோரியாவுக்குப் பிரித்தானியா 10 கோடி பவுண் நன்கொடை தந்தது. தொகை பின்னர் 11 கோடியைத் தாண்டியது. கட்டியது பல்போர் பீற்றி, எட்மண்ட் நட்டல் ஆகிய பிரித்தானியக் கம்பனிகளின் கூட்டு. மேற்பார்த்ததும் பிரித்தானிய ஆலோசகர்கள். நன்கொடைப் பணத்தின் பெரும் பகுதி வந்த வழியே திரும்பிப் போனது. உள்நாட்டுச் செலவை ரூபாயில் சுமந்தது இலங்கை. 1980இல் நாட்டின் பணவீக்கம் 26 வீதத்தைத் தொட்டது. 1985 ஏப்ரலில் மார்கரெட் தட்சர் வந்து அணையைத் திறந்தார். பழைய தெல்தெனிய நகரம் நீருக்குள் போனது. வரட்சியில் நீர் வற்றும்போது இடிபாடுகள் வெளியே தெரியும். அணை நல்ல அணைதான். 210 மெகாவாற் மின்சாரம் தருகிறது. உதவியாக வந்ததன் விலையை நாம் பேரம் பேச முடியவில்லை என்பதே என் மனக்குறை.

இதே பல்போர் பீற்றியும் இன்னொரு பிரித்தானியக் கம்பனியும் மலேசியாவின் பெர்காவ் அணைக்கு 31 கோடியே 60 இலட்சம் பவுண் விலை சொல்லின. 1989 மார்ச்சில் தட்சர் உதவி தருவதாக வாக்களித்தார். இரண்டு வாரங்களில் விலை 39 கோடியே 70 இலட்சம் ஆனது. வாக்குக் கொடுப்பதற்கு முன் ஒரு விலை, பின் ஒரு விலை. மூர்சமும் டொய்னும் இங்கே ஒரே கோப்புக்குள் வந்துவிட்டார்கள். உதவி அமைச்சின் உயர் அதிகாரி டிம் லங்கஸ்டர் எழுத்தில் ஆட்சேபித்தார், பயனில்லை. 1994இல் லண்டன் உயர் நீதிமன்றம் அந்த உதவி சட்டத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. 2001இல் பிரித்தானியா தன் உதவியைத் தன் கம்பனிகளோடு கட்டிப்போடுவதைக் கைவிட்டது.

கொந்தராத்துக்காரர் எப்போதும் கள்ளர், அரசு எப்போதும் ஏமாளி என்று நான் எழுதுவதாக எண்ண வேண்டாம். 2022இல் டொலர் ஏறியதும் சீமெந்தும் இரும்பும் கைக்கெட்டாத விலைக்குப் போயின. நிலையான விலைக்கு ஒப்பந்தம் செய்த சிறிய கொந்தராத்துக்காரர்கள் அரைகுறைக் கட்டடங்களோடும் வராத கொடுப்பனவுகளோடும் நொடிந்துபோனார்கள். விலை ஏற்ற இறக்கத்தைச் சுட்டெண் கொண்டு ஈடுசெய்யும் சூத்திரம் இங்கே பல ஆண்டுகளாக உண்டு. ஆனால் சூத்திரம் சொல்லும் தொகையைக் கொடுக்கத் திறைசேரியில் பணம் வேண்டுமே.

அரச கொள்வனவை மேற்பார்க்கும் தேசிய பெறுகை ஆணைக்குழுவை 2015இன் 19ஆவது திருத்தம் உருவாக்கியது. 2020இன் 20ஆவது திருத்தம் அதை ஒழித்தது. 2022இன் 21ஆவது திருத்தம் அதை மீண்டும் கொண்டுவந்தது. வழிகாட்டிகள், சுற்றறிக்கைகள் என்றில்லாமல் பெறுகைக்கென்றே ஒரு சட்டம் இயற்றும்படி சர்வதேச நாணய நிதியம் 2023 செப்டெம்பரில் வெளியிட்ட ஆளுகை பற்றிய அறிக்கையில் கேட்டது. அந்தச் சட்டத்தில் நான் முதலில் தேடிப் பார்க்கப்போவது ஒரே ஒரு வாசகத்தை: தொடக்க மதிப்பீட்டுக்கு மேல் தொகை போனால், வேலையை நிறுத்தி மீண்டும் கேள்வி கோரும் அதிகாரம் யாருக்கு, எந்த எல்லையில் என்பது.