மலைமேல் ஒரு பள்ளி

பள்ளிகள் பலவும் அரசாணையால் பிறக்கின்றன. கோடைக்கானல் ஏரிக்கு அருகே நிற்கும் பன்னாட்டுப் பள்ளியோ தாய்மாரின் கவலையால் பிறந்தது. நூற்றாண்டைக் கடந்துவிட்ட அதன் வரலாற்றில் நமக்கும் ஒரு பாடம் உண்டு.

1834இல் அமெரிக்க மறைப்பணியாளர் மதுரைக்கு வந்தனர். காய்ச்சலும் காலராவும் அவர்களுள் பலரை வாரிக்கொண்டு போயின. சிறு குழந்தைகளின் கல்லறைகள் பெருகின. முதலில் சிறுமலையில் ஒதுங்கிப் பார்த்தனர். அங்கும் மலைக்காய்ச்சல் விடவில்லை. ஆகவே பழனி மலையின் உச்சியை நாடி, 1845இல் இரண்டு வீடுகள் எழுப்பினர். இன்றைய கோடைக்கானல் நகரின் தொடக்கம் அதுவே. நம் சேசு சபைக் குருக்களும் பின்தங்கவில்லை. தந்தை லூயி செயின்ட் சீர் எழுப்பிய சலேத் மாதா ஆலயம் 1866ஆம் ஆண்டைச் சேர்ந்தது. செண்பகனூர்த் திரு இருதயக் கல்லூரி 1895இல் தோன்றியது.

உடல்நலத்துக்கு மலை கிடைத்தது. பிள்ளைகளின் கல்விக்கு வழி? பள்ளி வயது வந்ததும் பிள்ளையைக் கப்பலேற்றி அமெரிக்காவுக்கு அனுப்புவதே அக்கால வழக்கம். கடிதம் போய்ச் சேரவே வாரங்கள் ஆகும். அனுப்பிய சிறுவனைத் தாய் மறுபடி காணும்போது அவன் வளர்ந்த இளைஞனாயிருப்பான். பிறர் பிள்ளைகளுக்கு நற்செய்தி சொல்ல வந்தவர்கள் தம் பிள்ளைகளைப் பிரிந்து வாழ நேர்ந்தது.

இத்துயருக்கு விடையாக 1901இல் 'ஹைகிளர்க்' என்ற தங்கும் விடுதிக் கட்டடத்தில் ஒரு பள்ளி தொடங்கியது. மாணவர் 13 பேர். இந்தியாவில் பணியாற்றிய தம் மகன் ஷெர்வுட் எடியைக் காண வந்திருந்த மார்கரெட் எடி அம்மையாரே முதல் தலைமை ஆசிரியை. கீழே வெயில் தணியும் குளிர்மாதங்களில் பிள்ளைகளுக்கு நெடிய விடுமுறை. அப்போது அவர்கள் வீடு திரும்புவர். கோடையில் பெற்றோர் மலையேறி வருவர். சீலோவில் விட்டுவந்த சாமுவேலுக்கு ஆண்டுதோறும் சிறு மேலாடை தைத்து எடுத்துச் சென்ற அன்னாவை இங்கு நாம் நினைத்துக்கொள்கிறோம். ஈராண்டோ பத்தாண்டோ என்றிருந்த பிரிவு சில மாதங்களாகச் சுருங்கியது. இது சிறிய ஆறுதலன்று.

ஆயினும் மற்றொரு பக்கத்தையும் நாம் பார்க்கவேண்டும். வண்டிப்பாதை அமையாத அந்நாளில் அம்மையநாயக்கனூரில் ரயிலைவிட்டு இறங்கி, மாட்டுவண்டியில் பெரியகுளம் வழியாக அடிவாரம் சேர்வார்கள். அங்கிருந்து டோலியும் நாற்காலியும் மனிதத் தோள்களில் ஏறும். பிள்ளைகளையும் பெட்டிகளையும் சுமந்து ஏறிய அத்தோள்களுக்கு உரியவர்களும் தந்தையரே. அவர்களுடைய பிள்ளைகளுக்காக ஏற்பட்டதன்று அப்பள்ளி. பாடத்திட்டமும் அமெரிக்க நாட்டினது. காலத்தின் நியாயம் அப்படியிருந்தது என்று சொல்லலாம். அந்நியாயத்தால் தோளின் வலி குறைந்துவிடாது.

நாடு 1947இல் விடுதலை பெற்றது. வெளிநாட்டு மறைப்பணியாளர் தொகை நாளடைவில் குறைந்தது. எவருக்காகத் தொடங்கினோமோ அவர்கள் இல்லாதபோது பள்ளி எதற்கு என்ற கேள்வி எழுந்தது. மூடிவிடாமல் கதவைத் திறந்ததே அதன் பெருமை. 1970களில் பெயரையும் நோக்கையும் மாற்றிக்கொண்டு பன்னாட்டுப் பள்ளியாயிற்று. 1976இல் ஐ.பி. எனப்படும் பன்னாட்டுப் பட்டயக் கல்வியை இந்தியாவிலேயே முதலாவதாக ஏற்றது. இன்று இந்தியப் பிள்ளைகளும் பல நாட்டுப் பிள்ளைகளும் அங்கு ஒரே வகுப்பில் அமர்கின்றனர். எனினும் இத்தகைய பள்ளிகளின் கட்டணம் எளியோர்க்கு எட்டாதது. நிறம் காத்த வாயிலை இப்போது பணம் காக்கிறது.

இதை அயலார்மீது கூறும் குறையாக நாம் எழுதவில்லை. நம் பங்குகளிலும் பள்ளிகள் உண்டு, விடுதிகளும் உண்டு. மேல்மலைச் சிற்றூரிலிருந்து ஒரு தாய் தகரப்பெட்டியோடு பிள்ளையை அழைத்துவந்து விட்டுப்போகிறாள். 1901இன் தாய்மார் பட்ட கவலையே அவளுக்கும். அவளுக்காகக் கடிதம் எழுதவோ கட்டடம் வாங்கவோ ஒரு சபை இல்லை. அவளுடைய பிள்ளையை நாம் எப்படிப் பெயர்சொல்லி அழைக்கிறோம், எந்த வரிசையில் அமர்த்துகிறோம், கட்டணம் தாமதமானால் எந்தக் குரலில் கேட்கிறோம்? நம் பள்ளிகளின் வரலாற்றை நாளை எழுதுகிறவர் ஆண்டுமலர்களைப் புரட்டுவதோடு நில்லாமல் அந்தத் தாயையும் விசாரிப்பார்.