வானவில்லைக் கண்ட பாடலாசிரியர்

மெட்டுக்குப் பாட்டெழுதுவது கவிஞனுக்குப் பெருமை தருவதா என்னும் வினா தமிழ்க் கவிஞரிடையே நெடுங்காலமாக எழுந்து வருவது. இசை முன்னே நடக்கச் சொல் பின்தொடர்வது கவிதைக்கு இழுக்கு என்பார் உளர். ஆயினும் நந்தனார் சரித்திரத்தின் வர்ணமெட்டைக் கையாண்டு நாட்டுப்பாடல் புனைய மகாகவி பாரதியார் தயங்கினாரல்லர். இவ்வினாவுக்குக் கடல் கடந்த நாட்டிலிருந்தும் ஒரு விடை உண்டு. 1939ஆம் ஆண்டு வெளிவந்த 'தி விசார்ட் ஆஃப் ஆஸ்' என்னும் அமெரிக்கத் திரைப்படத்தின் 'ஓவர் தி ரெயின்போ' பாடல் பிறந்த வரலாறே அது.

இருவர்

பாடலை எழுதியவர் யிப் ஹார்பர்க். 1896இல் நியூயார்க் நகரின் ஏழ்மை மிக்க கீழைப் பகுதியில், ருசியாவிலிருந்து குடியேறிய யூதத் தையல் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவர். மின்சாதன வணிகம் நடத்திவந்த அவர், 1929ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சியில் கைப்பொருள் அனைத்தையும் இழந்தார். எஞ்சியது எழுதுகோல் ஒன்றே. 1932இல், வேலையிழந்து கையேந்தி நிற்கும் உழைப்பாளியின் குரலாக அவர் எழுதிய பாடல் நாடெங்கும் ஒலித்தது. இசையமைத்த ஹரால்ட் ஆர்லனும் யூதக் குடும்பத்தவரே. தொழுகைக் கூடத்தில் மறைப்பாடல் இசைக்கும் பாடகரின் மைந்தர்.

மெட்டும் சொல்லும்

கான்சாஸ் மாநிலத்துப் பண்ணையில் வாழும் டோரதி என்னும் சிறுமி, தன் ஏக்கத்தைப் பாடும் காட்சிக்குப் பாடல் வேண்டியிருந்தது. ஒருநாள் காரில் சென்றுகொண்டிருந்த ஆர்லனுக்கு, சன்செட் பெருஞ்சாலையில் மெட்டு திடீரெனத் தோன்றியது. அதனை அவர் பியானோவில் விரிவாக வாசித்துக் காட்டியபோது ஹார்பர்க் மனநிறைவு கொள்ளவில்லை. இது பேரரங்கில் பாடும் பெரும்பாடகருக்கு உரியது. பண்ணைச் சிறுமியின் வாய்க்குப் பொருந்தாது என்று கருதினார். பள்ளித் தோழரும் பாடலாசிரியருமான ஐரா கெர்ஷ்வின் கருத்தை நாடினர். சற்று விரைவாகவும், கூட்டுச் சுரங்களைக் குறைத்து எளிமையாகவும் வாசிக்குமாறு அவர் கூறினார். அவ்வாறே வாசிக்க, மெட்டுக்குள் மறைந்திருந்த சிறுமியின் குரல் வெளிப்பட்டது.

அடுத்த இடர்ப்பாடு சொல்லைச் சார்ந்தது. மெட்டின் முதற்சுரத்திற்கும் இரண்டாம் சுரத்திற்கும் இடையே ஒரு முழு ஸ்தாயி இடைவெளி. கீழ் ஸட்ஜத்தில் தொடங்கி மேல் ஸட்ஜத்திற்குத் தாவும் அவ்விடத்தில் எச்சொல்லை வைப்பது? பல சொற்களை எழுதி எழுதி விலக்கிய பின், 'எங்கோ' எனப் பொருள்படும் ஈரசைச் சொல்லொன்று அவருக்கு வாய்த்தது. நம் யாப்பில் கூறுவதாயின் தேமா. தாழ்ந்து தொடங்கி உயர்ந்து நீளும் அச்சொல்லிலேயே, நிற்கும் இடத்திற்கும் விழையும் இடத்திற்கும் உள்ள தொலைவு புலப்பட்டுவிடுகிறது.

வானவில்லும் ஹார்பர்க்கின் கண்டுபிடிப்பே. எல். பிராங்க் பாம் 1900இல் எழுதிய மூலக்கதையின் தொடக்கத்தில் கான்சாஸ் நிலமும் வீடும் மாந்தர் முகமும் சாம்பல் நிறமாகவே காட்டப்பெறுகின்றன. அத்தகைய வறண்ட நிலத்துச் சிறுமி தன் வாழ்நாளில் கண்டிருக்கக்கூடிய வண்ணம் வானவில் ஒன்றே என்று ஹார்பர்க் எண்ணினார். கற்பனை அயலிடத்திலிருந்து இறக்கப்படவில்லை. பாடுபவளின் முற்றத்து வானிலிருந்தே எடுக்கப்பட்டது. பழுப்பு நிறக் கான்சாஸிலிருந்து பல்வண்ண ஆஸ் நாட்டிற்குப் படம் மாறும்போது, அம்மாற்றத்திற்கு இப்பாடல் முன்னரே வித்திட்டிருப்பதைக் காணலாம்.

நீக்கமும் விலக்கமும்

பதினாறு வயது ஜூடி கார்லண்ட் பாடிய இப்பாடல், முன்னோட்டக் காட்சிக்குப் பின் படத்திலிருந்து நீக்கப்பட்டது. கதையின் ஓட்டத்தைத் தடுக்கிறது என்றும், நிறுவனத்தின் நட்சத்திரம் பண்ணை முற்றத்தில் நின்று பாடுவதா என்றும் எம்.ஜி.எம். அதிகாரிகள் குறை கூறினர். தயாரிப்பாளர் மெர்வின் லெராயும் அவருக்குத் துணைநின்ற ஆர்தர் ஃபிரீடும் போராடியதன் பயனாகவே பாடல் மீண்டது. 1940இல் அதுவே ஆஸ்கர் விருதும் பெற்றது.

பாடல் மீண்டது, பாடலாசிரியருக்கு விலக்கம் வந்தது. உழைப்பாளர் பக்கம் நின்ற ஹார்பர்க், 1950இல் வெளிவந்த 'ரெட் சேனல்ஸ்' என்னும் ஏட்டில் பொதுவுடைமைச் சார்புடையவராகக் குறிக்கப்பட்டார். அதன்பின் பல்லாண்டுகள் திரையுலகமும் தொலைக்காட்சியும் அவருக்குக் கதவடைத்தன. நாடக மேடை ஒன்றே அவரைத் தாங்கியது. 1956 நவம்பரில் இப்படம் முதன்முறையாக அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாயிற்று. எந்தத் தொலைக்காட்சியில் பணியாற்ற அவருக்கு இடமில்லையோ, அதன் வழியாகவே அவர் சொற்கள் இல்லந்தோறும் நுழைந்தன.

1981இல் ஹார்பர்க் மறைந்தார். 2004இல் அமெரிக்கத் திரைப்படக் கழகம் வெளியிட்ட நூறு திரைப்பாடல்களின் வரிசையில் இப்பாடல் முதலிடம் பெற்றது. ஜூடி கார்லண்டின் பெயரோடு சேர்த்தே உலகம் அதனை நினைவுகூர்கிறது. எழுதியவர் பெயரை அறிந்தோர் சிலரே.

மெட்டு ஹார்பர்க்குக்கு அளவைத் தந்தது, வானவில்லைத் தரவில்லை. இசை வகுத்த எல்லைக்குள் நின்று, பாடுபவள் யார், அவள் எதனைக் கண்டிருப்பாள் என்று வினவிய உள்ளமே அதனைக் கண்டது. அவ்வினாவை எழுப்பும் கவிஞனுக்கு மெட்டு தளையாவதில்லை. வெண்பாவுக்குத் தளை எவ்வாறோ அவ்வாறே அது துணையாகிறது.