கூழாங்கற்களில் பூமியின் வரலாறு: அல்பிரூனியும் இப்னு சீனாவும்

கி.பி. 973இல் குவாரிஸ்மில் பிறந்த அல்பிரூனி, சுல்தான் மஹ்மூத் கஸ்னவியின் காலத்தில் இந்தியாவுக்கு வந்தார். 1030 வாக்கில் எழுதிய 'கிதாபுல் ஹிந்த்' நூலில், இந்நாட்டு மண்ணைக் குறித்து வியப்பூட்டும் செய்தி ஒன்றைப் பதிவு செய்தார். எவ்வளவு ஆழம் தோண்டினாலும் நிலத்தில் உருண்டைக் கற்கள் கிடைக்கின்றன. ஆறுகள் விரைந்து பாயும் மலையடிவாரத்தில் அவை பெரியவை. தொலைவு செல்லச் செல்லச் சிறியவை. கடலை நெருங்கும்போது வெறும் மணல். எனவே இச்சமவெளி ஒரு காலத்தில் கடலாக இருந்து, ஆற்று வண்டலால் தூர்ந்திருக்க வேண்டும் என்று அவர் முடிவு செய்தார்.

அவருடைய சமகாலத்தவர் இப்னு சீனா (980–1037). சிறுவயதில் ஆமூ நதிக்கரையில் கண்ட களிமண், ஏறத்தாழ 23 ஆண்டுகளில் மென்பாறையாக இறுகியதை அவர் கவனித்திருந்தார். நிலநடுக்கத்தால் தரை உயர்வதாலும், நீர் அரித்துப் பள்ளத்தாக்குகளை உண்டாக்குவதாலும் மலைகள் தோன்றுகின்றன என்று 'கிதாபுஷ் ஷிஃபா'வில் எழுதினார். அப்பகுதி பின்னர் இலத்தீனில் மொழிபெயர்க்கப்பட்டு, ஐரோப்பாவில் நெடுங்காலம் அரிஸ்டாட்டிலின் எழுத்தாகவே கருதப்பட்டது!

தரை ஏன் உயர்கிறது என்பதற்கான தெளிவான விடை 1960களில்தான் கிடைத்தது. பூமியின் மேலோடு பல தட்டுகளாகப் பிரிந்து மெல்ல நகர்கிறது. இந்தியத் தட்டு வடக்கு நோக்கி நகர்ந்து, சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆசியாவுடன் மோதியது. இடையிலிருந்த டெதிஸ் கடலின் படிவுகள் மடிந்து உயர்ந்து இமயமலையின் பகுதியாயின. எவரெஸ்ட் உச்சியிலுள்ள சுண்ணாம்புப் பாறையும் பழங்காலக் கடலடியில் படிந்ததே. அல்பிரூனி கண்ட வண்டல், அவ்வாறு உயர்ந்த மலைகளிலிருந்து ஆறுகள் கொணர்ந்தது.

இரு கண்டங்கள் மோதிய இமயத்தில் இன்று சீறும் எரிமலைகள் இல்லை. ஆனால் சுமத்ரா, ஜாவா தீவுகளில் நிலை வேறு. அங்கே கனமான கடலடித் தட்டு மற்றொன்றின் கீழே அமிழ்கிறது. ஆழத்தில் அது வெளியிடும் நீர், மேலுள்ள சூடான பாறையின் உருகுநிலையைக் குறைக்கிறது. உருகிய குழம்பு மேலெழுந்து எரிமலையாகிறது. 1883 ஆகஸ்டில் வெடித்த கிரகடோவா 36,000க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. 2004 டிசம்பர் 26 அன்று அதே தட்டு எல்லை அதிர்ந்தபோது எழுந்த பேரலை, அச்சே முதல் நாகப்பட்டினம் வரை ஊர்களைச் சூறையாடியது.

இன்றைய அறிவியல் கொள்கை ஒவ்வொன்றையும் ஓர் இறைவசனத்துடன் பொருத்திக் காட்டுவதில் நம்மில் சிலர் ஆர்வம் கொள்கின்றனர். இதில் எச்சரிக்கை தேவை. பூமிக்குள் அடைபட்ட காற்றே நிலநடுக்கத்துக்குக் காரணம் என இப்னு சீனா கருதினார். அது இன்று ஏற்கப்படுவதில்லை. மனித அறிவு திருத்தப்பட்டுக்கொண்டே வளர்வது, வஹீயோ மாறாதது. மாறுவதன்மீது மாறாததை நிறுத்தினால், கொள்கை சரியும் நாளில் நம் பிள்ளைகளின் ஈமானும் தடுமாறும்.

பூமியில் பயணம் செய்து படைப்பை உற்று நோக்குமாறு அல்குர்ஆன் ஏவுகிறது. அம்முன்னோர் அவ்வாறே கல்லையும் மண்ணையும் கையிலெடுத்து ஆராய்ந்தனர். அந்த வழியில் நடக்க வல்ல அல்லாஹ் நமக்கும் நம் சந்ததியினருக்கும் அருள்புரிவானாக!