கட்டுநாயக்க 1978: துணை விமானியின் குரலும் கையும்

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் 1978 நவம்பர் என்றால் சூறாவளிதான் நினைவுக்கு வரும். 23ஆம் திகதி இரவு வீசிய காற்று வீடுகளையும் தோப்புகளையும் நூற்றுக்கணக்கான உயிர்களையும் வாரிச் சென்றது. அந்தப் பேரழிவின் நிழலில், அதற்கு எட்டு நாள் முன்னர் தீவின் மறுகரையில் நடந்தது கிழக்கின் நினைவில் தங்கவில்லை. ஜித்தாவிலிருந்து சுரபாயா செல்லும் வழியில், எரிபொருள் நிரப்பவும் பணிக்குழுவை மாற்றவும் நவம்பர் 15 இரவு கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்க வந்த ஐஸ்லாந்து நிறுவனத்தின் டீசி-8 விமானம், ஓடுபாதையை எட்டாமல் தென்னந்தோப்பில் விழுந்தது. 262 பேரில் 183 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் ஹஜ் கடமையை நிறைவேற்றி வீடு திரும்பிக்கொண்டிருந்த இந்தோனேசியர்.

இலங்கை விசாரணை அறிக்கை, பணிக்குழு வகுக்கப்பட்ட இறங்குமுறையைப் பின்பற்றவில்லை என்றது. அதோடு நில்லாமல் இன்னும் நுணுக்கமாக ஒன்றைப் பதிவு செய்தது: இறங்குபாதையின் முக்கிய கட்டங்களில் சொல்லியே ஆகவேண்டிய அறிவிப்புகளைத் துணை விமானி சொல்லவில்லை, அவை வராத நிலையில், முடிவெடுக்கும் உயரத்தில் விமானத்தை மீண்டும் மேலே எழுப்பும் நடவடிக்கையைக் கப்டன் எடுக்கவில்லை. ஐஸ்லாந்துத் தரப்பு இதை ஏற்கவில்லை. நிலையத்தின் இறங்குவழிகாட்டிக் கருவியிலேயே குறை இருந்தது என்றது. அந்தச் சர்ச்சை முற்றாகத் தீர்ந்ததாகக் கொள்ள முடியாது. ஆனால் கருவி பிழையாகக் காட்டியிருந்தால், உயரத்தை இன்னொருவர் உரக்கச் சொல்ல வேண்டிய தேவை கூடுகிறதே தவிரக் குறையவில்லை.

விமானிகளின் கூட்டுப்பணிப் பயிற்சியின் வரலாற்றை எழுதுவோர், பெரும்பாலும் அதே ஆண்டு டிசம்பர் 28இல் அமெரிக்காவின் போர்ட்லண்டில் நடந்த விபத்திலிருந்து தொடங்குகிறார்கள். அதுவும் டீசி-8தான். இறங்குசில்லுக் கோளாறில் கப்டனின் கவனம் முழுவதும் சிக்கிக்கொள்ள, எரிபொருள் தீர்வதை மற்றவர்கள் அழுத்திச் சொல்லாமல்விட, விமானம் விழுந்து 10 பேர் இறந்தார்கள். 1979இல் நாசா நடத்திய பயிலரங்கும், 1981இல் யுனைடெட் நிறுவனம் தொடங்கிய பயிற்சியும் அதைத் தொடர்ந்தவை. ஆறு வாரம் முந்திய கட்டுநாயக்க விபத்து அந்த வரலாற்றில் அதற்குரிய இடத்தைப் பெறவில்லை. இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

இன்று விமானி அறையில் வேலை இரண்டாகப் பிரிகிறது. ஒருவர் விமானத்தைச் செலுத்துவார். மற்றவர் கண்காணிப்பார், வானொலியில் பேசுவார், சரிபார்ப்புப் பட்டியலை வாசிப்பார். கட்டளைப் பொறுப்பு கப்டனுடையதே என்றாலும், செலுத்தும் வேலை பறப்புக்குப் பறப்பு கைமாறும். ஏறத்தாழ ஆறு மாதத்துக்கு ஒருமுறை இருவரும் சிமுலேட்டரில் உட்கார்ந்து சோதனைக்கு முகம் கொடுக்கிறார்கள்.

அங்கே நடப்பதைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். புறப்பாட்டு ஓட்டத்தில் கப்டனின் கை உந்துவிசை நெம்புகோலில் இருக்கிறது. கண்காணிப்பவர் 'வீ-1' என்று உரக்கச் சொன்னதும் அந்தக் கை விலகிவிடும். அதற்குமேல் நிறுத்த முயன்றால் ஓடுபாதை போதாது. அந்தக் கணத்தில் பயிற்றுநர் ஓர் எஞ்சினை நிறுத்துகிறார். செலுத்துபவர் மிதியை அழுத்தி மூக்கை நேராகப் பிடித்தபடி மேலெழுகிறார். பாதுகாப்பான உயரம் வந்த பிறகுதான் மற்றவர் பட்டியலைத் தொடங்குவார். எந்த எஞ்சினின் ஆளியைத் தொடுவது என்று இருவரும் வாய்விட்டு ஒப்புக்கொள்ளாமல் கை அசையாது. ஒருவரின் குரல்தான் மற்றவரின் கையை நகர்த்துகிறது. கட்டுநாயக்க அறிக்கை இல்லை என்று சொன்னது இந்தக் குரலைத்தான்.

மூத்தவரை எதிர்த்துப் பேசாத கீழைத்தேயப் பணிவே இத்தகைய மௌனத்துக்குக் காரணம் என்ற விளக்கம் நம்மிடையேயும் செல்வாக்குப் பெற்றுள்ளது. அது போதாத விளக்கம். 1977இல் தெனரீஃப் விமான விபத்தில் 583 உயிர்கள் போனபோது, விமானப் பொறியியலாளர் எழுப்பிய ஐயத்தை ஒதுக்கித் தள்ளியவர் டச்சுக் கப்டன். 2010 மே 22இல் மங்களூரில் 158 பேர் இறந்த விபத்தில் கப்டன் சேர்பியர். இறங்காமல் மேலெழச் சொல்லி மூன்று முறை குரல் கொடுத்தவர் இந்தியத் துணை விமானி. பணிவு எங்கும் உண்டு. அதை மீறும் துணிவை ஒவ்வொரு இளையவரிடமும் எதிர்பார்ப்பது நியாயமில்லை. சொல்ல வேண்டியதை விதியாக்கிவிட்டால் துணிவு தேவைப்படாது என்பதே இப்பயிற்சியின் பெரும் பேறு.

ஆனால் பேசுவது மட்டும் போதுமா? 2020 ஓகஸ்ட் 7இல் கோழிக்கோட்டில் மழையில் இறங்கிய விமானத்தின் துணை விமானி முதலில் இறங்கும் வேகத்தைச் சுட்டினார். பின்னர் மேலெழும்படி சொன்னார். கப்டன் தொடர்ந்து இறக்கினார். 8,858 அடி ஓடுபாதையில் சில்லுகள் நிலம் தொட்டபோது 4,438 அடி கடந்திருந்தது. இரு விமானிகள் உட்பட 21 பேர் இறந்தார்கள். கப்டன் முறையை மீறியதை மட்டுமன்றி, துணை விமானி கட்டுப்பாட்டைத் தம் கைக்கு எடுக்காததையும் விசாரணை குறித்தது. 1978இல் குரல் இல்லை. 2020இல் குரல் இருந்தும் கை எழவில்லை. சொல்லப் பழக்கிய அளவுக்கு எடுக்கப் பழக்கவில்லை என்றே இதை வாசிக்கத் தோன்றுகிறது. எச்சரிக்கைக்கு மறுமொழி வராவிட்டால் கட்டுப்பாட்டை எடுத்துக்கொள்ளும் நடைமுறை பல நிறுவனங்களின் ஏட்டில் இருக்கிறது. ஏட்டில் இருப்பது கையில் ஏற வேண்டுமானால், சிமுலேட்டரில் கப்டனே வேண்டுமென்று தவறிக் காட்ட, இளையவர் பலமுறை கட்டுப்பாட்டைப் பறித்துப் பழக வேண்டும்.

பழகியது பலன் தருவதற்கும் சான்று உண்டு. 2024 ஒக்டோபர் 11இல் திருச்சியிலிருந்து சார்ஜா புறப்பட்ட போயிங் 737இல் நீரியல் அமைப்பு பழுதானது. அவ்வகை விமானத்தால் எரிபொருளை வானில் கொட்ட முடியாது; எடை குறைய இரண்டு மணி நேரத்துக்கு மேல் வட்டமிட்டுப் பத்திரமாக இறங்கியது. அவ்வளவு நேரம் பதற்றமின்றிப் பட்டியலோடு காத்திருக்க முடிவது, கூட்டுப்பணி ஊறிப்போனதன் அடையாளம்.

இனி மட்டக்களப்புக்குத் திரும்புவோம். 1958இல் திறந்து, 1983இல் விமானப்படையிடம் போய், 2016 ஜூலையில் மீண்டும் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த மட்டக்களப்பு விமான நிலையத்தை வாவி நீர் சூழ்ந்திருக்கிறது. அதன் வளர்ச்சி பற்றிப் பேசும்போது ஓடுபாதை நீளமும் கட்டடமும் முன்னுக்கு வருகின்றன. குறுகிய பாதையில், பருவமழைக் காற்றில் இறங்கும் கப்டன் பிழைவிட்டால் பக்கத்து இருக்கைக்காரர் என்ன செய்வார், அதை எத்தனை முறை செய்து பழகியிருக்கிறார் என்ற கேள்விகளும் அதே மேசைக்கு வரவேண்டும். கட்டுப்பாட்டைக் கைப்பற்றும் பயிற்சி, எஞ்சின் நின்றுபோகும் பயிற்சிக்கு நிகரான கட்டாயச் சோதனையாக ஒவ்வொரு துணை விமானிக்கும் வைக்கப்பட வேண்டும்.