வில் வந்த வழி: பிடில் கற்றலின் ஒரு சிறு வரலாறு

அதியமான்கோட்டை என்றதும் நண்பர்களுக்கு ஔவையாரும் நெல்லிக்கனியும் நினைவுக்கு வரும். தருமபுரி - சேலம் சாலையில் பஸ்ஸில் போய்வந்தவர்களுக்குக் காலபைரவர் கோயிலும், சென்றாயப் பெருமாள் கோயில் ஓவியங்களும் கூடவே வரும். அதியமான் நெடுமான் அஞ்சியின் வாசலுக்குப் பாணர்கள் யாழோடு வந்தார்கள். அந்த யாழ் விரலால் மீட்டுவது. வில்லை இழுத்து நாதம் எழுப்பும் பிடில் நம் கச்சேரி மேடைக்கு வந்து சுமார் இருநூறு ஆண்டுதான் ஆகிறது. அந்த வில்லை நம்மவர்கள் எப்படிக் கற்றார்கள் என்பது சுவையான கதை.

முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் (1786-1859), சென்னையை அடுத்த மணலியில் குடும்பம் இருந்த காலத்தில், ஓர் ஐரோப்பியரிடம் பிடில் கற்றார் என்பது வழிவழியாக வரும் செய்தி. பின்னர் எட்டயபுரம் சமஸ்தான வித்துவான் ஆனார். தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவுக்கு சுவாதித் திருநாள் மகாராஜா தந்தத்தால் ஆன பிடிலைப் பரிசளித்தது 1834-ல்.

வாத்தியத்தை வாங்கிக்கொண்டார்களே தவிர, வாசிப்பை அப்படியே வாங்கிக்கொள்ளவில்லை. வெள்ளைக்காரர் நின்றுகொண்டு, தாடையில் இடுக்கி வாசிப்பார். நம்மவர் சம்மணமிட்டு உட்கார்ந்து, பிடிலின் தலையை வலது காலில் ஊன்றிக்கொண்டார். இடது கைக்குப் பிடிலைத் தாங்கும் வேலை இல்லாமல் போனதால் விரல் தந்தியில் தாராளமாக வழுக்கி ஓடலாம், கமகம் பேசும். தந்திகளையும் ச-ப-ச-ப என்று சுருதி சேர்த்தார்கள். வில்லின் வேலையும் மாறியது. ஒரே இழுப்பில் பல ஸ்வரங்கள் வரவேண்டும். வில் திரும்புவது காதில் விழக்கூடாது. கிருதி வாசித்தால் சாகித்தியத்தின் சொல் எங்கே பிரிகிறதோ அங்கேதான் வில்லும் திரும்பவேண்டும்.

இதை அந்தக் காலத்தில் குருவின் எதிரே உட்கார்ந்துதான் கற்கமுடியும். 1938-ல் சென்னையிலும் 1939-ல் திருச்சியிலும் வானொலி நிலையம் வந்தது. பட்டிதொட்டியெல்லாம் கச்சேரி கேட்டது. ஆனால் கேட்கத்தான் முடிந்தது. வித்துவானின் வலது கை என்ன செய்கிறது என்று ரேடியோப் பெட்டி காட்டாதே! 1975-ல் சென்னைத் தொலைக்காட்சி வந்தபிறகு கை கண்ணுக்குத் தெரிந்தது. எண்பதுகளில் வீடியோ கேசட் வந்தது. அதே சங்கதியைப் பின்னுக்கு ஓட்டித் திரும்பப் பார்க்க முடிந்தது. இன்று யூடியூபில் வேகத்தைக் கால்வாசியாகக் குறைத்தே பார்க்கலாம். அதியமான்கோட்டையில் ஒரு பிள்ளைக்கு பிடில் ஆசை வந்தால், முதலில் கையில் எடுப்பது செல்போனைத்தான்.

இது நல்லதா, கெட்டதா? இரண்டும் உண்டு. வில் குதிரைக்கு இணையாக நேராகப் போகிறதா, மணிக்கட்டு எங்கே வளைகிறது, ஒரு சங்கதிக்கு எவ்வளவு வில் செலவாகிறது என்பதெல்லாம் படத்தில் தெரியும். தெரியாதது அழுத்தம். வில் தந்தியில் எவ்வளவு எடையோடு உட்கார்ந்திருக்கிறது என்பதைக் கண்ணால் அளக்க முடியாது. காமிராக்காரரும் பாடகர் முகத்தையே காட்டுவார். காட்டினால் இடதுகை விரல்களைக் காட்டுவார். வில்லின் நுனி படத்துக்கு வெளியே போய்விடும். நின்று வாசிக்கும் மேல்நாட்டுப் பாடங்களைப் பார்த்து, உட்கார்ந்து வாசிக்கிற பிள்ளை கையை வைத்தால் தோளில் வலிதான் மிஞ்சும்.

வில்லுக்கென்றே பேர்போன துவாரம் வெங்கடசாமி நாயுடு (1893-1964) பார்வை மங்கியவர். அண்ணனிடம் பாடம் கேட்டு, காதாலும் கையாலும் கற்றவர். அவருடைய நீண்ட வில்லின் நாதத்தை யெஹூதி மெனுஹின் போன்ற உலக மேதையே வியந்தார். பார்ப்பது மட்டுமே கற்பதல்ல என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

ஆனாலும் படத்தை ஒதுக்கிவிட முடியாத நிலைமை இன்று. லால்குடி ஜெயராமனும், பரூர் பாணியின் எம்.எஸ்.கோபாலகிருஷ்ணனும் 2013-ல் ஒரே ஆண்டில் மறைந்தார்கள். டி.என்.கிருஷ்ணன் 2020-ல் மறைந்தார். மூன்று பேருக்கும் மூன்று விதமான வில். சீடர்கள் இருக்கிறார்கள், அது நம் பாக்கியம். ஆனால் அந்தக் கைகளையே பார்க்கவேண்டுமென்றால் இனி படத்தில்தான் பார்க்கவேண்டும்.

இங்கேதான் நம்மால் ஆகக்கூடிய காரியம் ஒன்று இருக்கிறது. எண்பது, தொண்ணூறுகளில் நம் வீட்டுக் கல்யாணங்களிலும் கோயில் விழாக்களிலும் நடந்த கச்சேரிகளை வீடியோ எடுத்தோமே, அந்தக் கேசட்டுகள் பரணில் கிடக்கின்றன. நாடாவில் பூஞ்சை பிடிக்கும். காந்தப் பதிவும் வருஷத்துக்கு வருஷம் மங்கும். அவற்றை ஓட்டும் கருவியைக் கடைசிவரை செய்துவந்த ஜப்பானிய நிறுவனமும் 2016-ல் உற்பத்தியை நிறுத்திவிட்டது. பேர் தெரியாத ஊர் வித்துவான் ஒருவரின் நல்ல வில் அதில் இருக்கலாம். பரணில் தேடுங்கள், இருப்பதை டிஜிட்டலாக மாற்றி வையுங்கள், தேதி, ஊர், வாசித்தவர் பெயரை மறக்காமல் எழுதி வையுங்கள்.

இன்னொன்று. படம் பார்த்துப் பழகும் பிள்ளைகளுக்கு, மாதத்தில் ஒரு நாளாவது ஆசிரியர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து மணிக்கட்டைத் தொட்டுத் திருத்த வேண்டும். அவருடைய பஸ் செலவையும் சம்பாவனையையும் நம் சங்கம் ஏற்றால் பெரிய தொகை ஆகிவிடாது. பாணரை வரவேற்ற ஊருக்கு இது புதிய பழக்கமும் அல்ல. அடுத்த கூட்டத்தில் இதைப் பேசி முடிவெடுப்போமா?